கையைக் கண்ணென்று நினைக்கும் கமரா



ஹூஸ்ரன் நகரில் ஹில்குறொஃப்ற் வீதியைச் சூழ்ந்த கடைத்தெருவுக்கு 2010 ஆம் ஆண்டு மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் சூட்டினார்கள். சேலை, நகை, பலகாரம், மரக்கறி என்று ஒரு கலியாண வீட்டுக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதியை அங்கேயே வாங்கிவிடலாம். சென்ற கோடையில் கூறை எடுக்கப் போன ஒரு குடும்பத்துடன் நாமும் கமராவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்து இரண்டே நாட்கள். சேலைக் கடையில் ஸ்ரூலில் உட்கார்ந்திருந்தார். பேத்தியின் தோளில் கூறையைப் போட்டுப் பார்த்தபோது, எட்டிக் கரையைப் பிடித்துச் சரிசெய்தார். கண் கலங்கியது. அவரது முகம் தெரிய வேண்டும் என்று கமராவை வயிற்றுக்கு நேரே இறக்கி, பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்க முயன்றோம். திரை இருண்டுவிட்டது. பற்றறி முடிந்துவிட்டது என்று நினைத்து, நிறுத்தி மீண்டும் போட்டோம். அதற்குள் அம்மம்மா முகத்தைத் துடைத்துவிட்டு விலை கேட்கத் தொடங்கிவிட்டார். பிரயாணம் செய்ய முடியாமல் ஊரில் இருக்கும் அம்மப்பாவுக்கு அனுப்ப வேண்டிய படம் அது.

இடம்பெயர்ந்தபோது அல்பங்களை விட்டுவிட்டு வந்தவர்கள் எம்மில் பலர். ஒரு படம் தவறினால் என்ன என்று எம்மால் சொல்ல முடியாது. ஆகவே இம்முறை இந்தக் கோளாறைப் பற்றியே எழுதுகின்றோம்.

கமராவில் பழுது ஒன்றும் இல்லை. இப்போது வரும் மிரர்லெஸ் கமராக்களில் பார்ப்பதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பின்பக்கத் திரை. மற்றது கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர். அதன் அருகே சிறிய கறுப்புச் சன்னல் ஒன்று இருக்கும். அதுதான் கண் உணரி. எமது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது வெளியே விடுகின்றது. எதிரே ஏதாவது வந்தால் அந்த ஒளி பட்டுத் திரும்பும். உடனே கமரா திரையை அணைத்துவிட்டு வியூபைண்டரை எரியவிடும். கைத்தொலைபேசியைக் காதில் வைத்ததும் அதன் முகம் இருள்கின்றதே, அதே வகை வேலைதான். வந்தது கண்ணா, கையா, வயிறா என்று அதற்குத் தெரியாது. கிட்ட வந்தது எதுவானாலும் கண் என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்த யோசனை புதியதும் அல்ல. 1991 இல் மினோல்டா வெளியிட்ட 7எக்ஸ்ஐ பிலிம் கமராவிலேயே, கண்ணை வைத்ததும் குவியத்தைத் தொடங்கும் உணரி இருந்தது. 2008 இல் வந்த ஆரம்பகால மிரர்லெஸ் கமராக்களில் ஒன்றான பனசொனிக் ஜி1 இலும் கண் உணரி இருந்தது.

உங்கள் கமராவும் இப்படி வெருட்டினால், கடைக்குக் கொண்டு போக முன்னர் பின்வருவனவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஒரு சோதனை. வீட்டுக்குள், வெயில் படாத மேசையில் கமராவை வைத்து விரலை மெதுவாக வியூபைண்டருக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். சில சென்ரிமீற்றர் தூரத்தில் திரை அணைந்து, விரலை எடுத்ததும் திரும்ப வந்தால் உணரி நலமாக இருக்கின்றது. எதிரே ஒன்றுமில்லாமலே திரை இருண்டு கிடந்தால் அழுக்கோ மறைப்போ இருக்கலாம்.

அடுத்து துடையுங்கள். வியர்வை, முகத்தில் பூசும் கிறீம், கோயிலுக்குப் போய் வந்தால் விபூதித் தூள், எல்லாம் அந்தச் சின்னச் சன்னலில் ஒட்டும். மழைத்துளி ஒன்று போதும், திரை இருண்டுவிடும். ஹூஸ்ரனின் புழுக்கத்தில், ஏசி போட்ட காரிலிருந்து இறங்கியதும் அதன்மேல் ஆவி படிவதும் உண்டு. கமராவை நிறுத்திவிட்டுத் தூசியை ஊதி, கண்ணாடி துடைக்கும் மென்மையான துணியால் துடையுங்கள். சேலைத் தலைப்பு வேண்டாம், அதிலுள்ள மணல் கீறும். எந்தத் திரவத்தையும் நேரே தெளிக்க வேண்டாம்.

வியூபைண்டரைச் சுற்றியுள்ள றப்பரையும் பாருங்கள். அது கழன்று சரிந்தாலும், வேறு அளவில் ஒன்றை வாங்கிப் போட்டாலும் சன்னலை மறைக்கும். கழுத்துப் பட்டி பின்னால் விழுந்து மறைப்பதும் அடிக்கடி நடப்பது.

பின்னர் வெயில். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. ரெக்சாஸ் வெயில் கமராவின் பின்பக்கத்தில் நேரே விழுந்தால் உணரி குழம்பக்கூடும். கையை ஒட்டி வைத்து மறைத்தால் அந்தக் கையையே கண்ணென்று எடுத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் திரும்பி நின்று, பின்பக்கத்தில் நிழல் விழச் செய்யுங்கள்.

இவையெல்லாம் சரியென்றால், செய்ய வேண்டியது மெனுவில் இருக்கின்றது. பனசொனிக் கமராக்கள் பலவற்றில் உணரியின் கூர்மையைக் கூட்டலாம், குறைக்கலாம். குறைத்து வையுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்களின் கண் சற்றுத் தள்ளியே நிற்பதால், குறைத்த பின்னர் வியூபைண்டர் எரிகின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். சொனியில் பைண்டர்/மொனிற்றர் என்ற பகுதியில் திரையை மட்டும் தெரிவு செய்யலாம். அந்தத் தெரிவை ஒரு பொத்தானுக்கும் கொடுத்து வைக்கலாம். புஜியில் வியூ மோட் என்று தேடுங்கள். நிக்கொன் இசட் வரிசையில் பலவற்றுக்கு வியூபைண்டரின் பக்கத்திலேயே இதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. கனனில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் இருக்கும்.

பற்றறிக்கும் இதில் பங்கு உண்டு. நிறுத்தாத கமரா கழுத்தில் தொங்கி வயிற்றில் உரசினால், சில கமராக்கள் யாரோ பார்ப்பதாக நினைத்துத் தூங்காமலே இருக்கும். மத்தியானத்துக்குள் பற்றறி முடிந்துவிடும்.

சுத்தமான உணரி, வெயில் இல்லாத அறை, மென்பொருளையும் புதுப்பித்தாயிற்று. அப்படியும் திரை இருண்டால்தான் திருத்துமிடம். அதுவரையும் திரையை மட்டும் தெரிவு செய்து வைத்துக்கொண்டு படம் எடுக்கலாம். கலியாண நாளுக்கு முன்னர் கமராவைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

நாம் கற்றது இதுதான். முக்கியமான நேரத்தில் எங்கே பார்ப்பது என்ற முடிவைக் கமராவிடம் விடக்கூடாது. தாலி கட்ட முன்னர், ஆராத்தி எடுக்க முன்னர், வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். இருப்பவர்களையும் பிள்ளைகளையும் தாழ்வாகப் பிடித்து எடுப்பதென்றால் திரை மட்டும். வெயிலில் நின்று எடுப்பதென்றால் வியூபைண்டர் மட்டும். தானாக மாறுவது ஓய்வான நேரத்துக்குப் போதும்.

கலியாணத்தன்று நாம் திரையை மட்டும் வைத்தே எடுத்தோம். அம்மம்மா பேத்திக்கு அறுகரிசி போட்ட படம் அம்மப்பாவுக்குப் போய்விட்டது. சேலைக் கடைப் படம் மட்டும் இல்லை. அதை அவருக்கு ரெலிபோனில் வாயால்தான் சொன்னோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.