மூன்று மாத முன்பணம் போதும்

சென்னையில் மாதம் 15,000 ரூபாய் வாடகையில் வீடு பிடிக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ், ஒரு மாதத் தரகு, முதல் மாத வாடகை, சாமான் ஏற்றும் வண்டிக் கூலி என்று கணக்கு அங்கே போய் நிற்கிறது.

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் வாங்கலாம் என்ற வழியையும் அதே பிரிவு திறந்து வைத்திருக்கிறது. குழந்தைக்குப் பள்ளி திறக்கும் முன் குடியேற வேண்டிய குடும்பம் எதற்குத்தான் ஒப்புக்கொள்ளாது? அந்த விதிவிலக்கு சட்டத்தையே செல்லாக்காசாக்கிவிட்டது.

பணம் இருந்தாலும், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி வாசலில் நிற்கிறது. பெயரைக் கேட்டதும் ‘வீடு போயிடுச்சு’ என்று கதவைச் சாத்துவது அப்பட்டமான தீண்டாமை.

முன்பணத்துக்கான அந்த விதிவிலக்கை அரசு உடனே நீக்க வேண்டும். குடியேறுவோர், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.