பழிச்சொல் பாட்டானால் பழி போய்விடுமா?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் விக்கிரவாண்டி. 2024 ஜூலையில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. பரப்புரை மேடையில், மறைந்த முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதியை இழித்து ஒரு பாட்டுப் பாடப்பட்டது. அந்தப் பாட்டிலே 'சண்டாளன்' என்றொரு சொல். வழக்கும் வந்தது, கைதும் வந்தது. கூடவே ஒரு சமாதானமும் வந்தது. சிற்றூர் மக்கள் வாயில் புழங்கும் சொல்தானே, 'சண்டாளி' என்று காதலியைக் கொஞ்சுகிறதே திரைப்பாட்டு, பழைய பொருள் செத்துப் பல காலம் ஆயிற்றே என்றனர்.

செத்துவிட்டதா? பார்ப்போம் தோழர்களே!

சொல்லின் பொருள் மாறும், மறுப்பார் இல்லை. அன்று நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. அதனால் எவர் தலை குனிந்தது? எவர் வீட்டுப் பிள்ளை பள்ளியிலே கூனிக் குறுகிற்று? மணத்துக்கு மானம் இல்லை, மனிதனுக்கு உண்டு!

'சண்டாளன்' என்பவனுக்கு இலக்கணம் வகுத்த நூல் எது? மனுதர்மம்! சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன் என்று அதன் பத்தாம் அத்தியாயம் பிறப்புச் சீட்டு எழுதுகிறது. ஊருக்கு வெளியே குடியிரு, பிணத்தின் துணியை உடுத்து, உடைந்த கலத்தில் உண் என்று கட்டளையும் இடுகிறது. அந்தப் பெயர் நாளடைவில் கொடியவனைக் குறிக்கும் வசையாயிற்று. வசை தேய்ந்து வெள்ளித்திரையில் கொஞ்சலாயிற்று. ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அட்டவணையைப் புரட்டுங்கள். அங்கே அது வசையன்று, கொஞ்சலுமன்று. உயிரோடிருக்கும் மக்களின் சாதிப்பெயர்! சொல்பவனுக்குப் பொருள் மாறிவிட்டது. சுமப்பவனுக்கு மாறியதா?

அதே 2024 ஜூலையில், தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் இச்சொல்லை வசையாகவோ நகைச்சுவையாகவோ ஆளக்கூடாது என எச்சரித்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் நினைவூட்டியது. பாட்டுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்போருக்கு விழுப்புரமே விடை சொல்லும். 1978 ஜூலையில் அந்த ஊரிலேதான் ஆதிதிராவிடர் 12 பேர் படுகொலை செய்யப்பட்டனர். நாவிலே இழிவு பழகிவிட்டால், கையிலே கொடுமை பழக நெடுநாள் ஆகாது.

இழிந்த சொல்லை நிமிர்த்தவே முடியாதா? முடியும். நிமிர்த்தும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி. 'பறையன்' என்னும் பெயரை ஆங்கிலேயர் 'பரையா' என்று தம் அகராதியில் ஏற்றி, எவராலும் ஒதுக்கப்பட்டவன் என்று உலகமெங்கும் பொருள் பரப்பினர். அதே பெயரைத் தலைப்பாக வைத்து 1893இல் இதழ் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன்! சுமந்தவரே அதை ஏந்தினார். இழிவுப் பெயர் உரிமைக் குரலாயிற்று. அது பொருள் மாற்றம்! அடித்தவனே, வடு ஆறிவிட்டது என்று தீர்ப்பளிப்பது பொருள் மாற்றமா? மோசடி!

பாட்டெழுதும் தோழர்களே, மேடையேறும் இளைஞர்களே! கொஞ்சுவதற்குத் தமிழிலே சொல் பஞ்சமா? கண்டிப்பதற்குத்தான் பஞ்சமா? வஞ்சகனை வஞ்சகன் என்போம். கொடியவனைக் கொடியவன் என்போம். அவன் செய்த குற்றத்தைச் சொல்லி அவனைச் சாடுவோம். குற்றம் ஏதும் செய்யாத மக்களின் பெயரைச் சொல்லியன்று!