கணினியைத் திறக்கும் சாவி யாரிடம்?

2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பித்தலை வெளியிட்டது. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் அருகருகே நிறுவிப் பயன்படுத்திவந்த பலருக்கு, அதன்பின் லினக்ஸ் திறக்கவில்லை. பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டுள்ளது என்றும், ஏதோ பெருந்தவறு நிகழ்ந்துவிட்டது என்றும் ஆங்கில வரிகள் திரையில் தோன்றின, கணினி அணைந்தது. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எனப் பல வெளியீடுகள் இதில் சிக்கின. இரட்டை இயங்குதளக் கணினிகளை இப்புதுப்பித்தல் தொடாது என்று அந்நிறுவனமே முன்னர் உறுதி கூறியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

இன்றைய கணினிகளில் ‘செக்யூர் பூட்’ என்றொரு காவல் ஏற்பாடு உண்டு. நம்பத்தக்க கையொப்பம் பெற்ற நிரல்களை மட்டுமே அது தொடக்கத்தில் இயங்கவிடும். அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் மைக்ரோசாஃப்டின் சாவி, ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் தயாரிப்பின்போதே பதிக்கப்பட்டுவிடுகிறது. எனவே, கட்டற்ற மென்பொருளான லினக்ஸும் ‘ஷிம்’ என்னும் சிறு நிரலுக்கு அந்த ஏகபோக நிறுவனத்திடம் கையொப்பம் பெற்றுத்தான் பெரும்பாலான கணினிகளில் நுழைய முடிகிறது. லினக்ஸைத் துவக்கும் ‘கிரப்’ நிரலில் 2022இல் வெளிப்பட்ட ஓர் ஓட்டையைக் காரணம் காட்டி, பழைய பதிப்புகளை அந்தப் புதுப்பித்தல் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஓட்டை உண்மையானது, அதை அடைக்கவும்தான் வேண்டும். பழைய நிரலையே வைத்திருந்த லினக்ஸ் வெளியீடுகளும் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரரைக் கேளாமல் வீட்டைப் பூட்டும் அதிகாரத்தை ஒரு நிறுவனத்திற்கு வழங்கியது யார்? முழுத் தீர்வு 2025 மே மாதப் புதுப்பித்தலில்தான் வந்தது. ஒன்பது மாதங்கள்!

இத்தகைய பழுதுடன் கடைக்குச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “ஃபார்மட் செய்துவிடலாம்” என்பதே. கிளைக் கூட்டக் குறிப்புகள், சந்தாப் பட்டியல், பிள்ளைகளின் ஒளிப்படங்கள் அனைத்தும் அத்துடன் அழியும். அதற்கு அவசியமே இல்லை. வன்தட்டிலுள்ள கோப்புகள் அப்படியே இருக்கின்றன. பழுதுபட்டது தொடங்கிவைக்கும் சிறு பகுதி மட்டுமே. வாசற்பூட்டு கெட்டதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை.

முதற்கண், விண்டோஸ் திறக்குமானால் அதில் ‘பிட்லாக்கர்’ செயல்படுகிறதா என்று பார்க்க வேண்டும். செயல்பட்டால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்வது கட்டாயம். செக்யூர் பூட்டை அணைத்த மறுகணம் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். பல கணினிகளில் இச்சாவி, உரிமையாளரின் கையில் இல்லாமல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தன் பெட்டகத்தின் சாவியைத் தானே தேடி எடுக்க வேண்டிய நிலை!

அதன்பின், கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் தொடக்க வரிசையை நோக்குக. விண்டோஸ் முதலிடத்திற்கு ஏறியிருப்பது மட்டுமே சிக்கல் என்றால், வரிசையை மாற்றினால் போதும். மேற்சொன்ன தடைப்பட்டியல்தான் காரணம் எனில், செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸைத் திறந்து, ‘மோக்யுடில்’ என்னும் சிறு கருவியால் அப்பட்டியலை நீக்கி, மீண்டும் ஒருமுறை லினக்ஸைத் தொடங்க வேண்டும். கிரப்பையும் ஷிம்மையும் புதுப்பித்த பிறகே செக்யூர் பூட்டை மறுபடி இயக்க வேண்டும். கிரப் நிரலே சிதைந்திருந்தால் வேலை சற்று நீளும். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, முக்கியமான கோப்புகளை வெளியே படியெடுத்த பின்னரே கிரப்பை மீண்டும் நிறுவ வேண்டும். இதற்கெனவே ‘பூட் ரிப்பேர்’ என்ற இலவசக் கருவியும் உண்டு. பொறுமையுள்ள தோழர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

இதை ஒரு வார ஏட்டில் எழுதுவானேன் எனத் தோழர்கள் கேட்கலாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். சிப்பும் புதிய பிராசசரும் இல்லாத, நன்றாகவே ஓடும் கணினிகள் தகுதியற்றவை ஆக்கப்பட்டன. ‘புதியது வாங்கு’ என்ற சந்தையின் கட்டளைக்குப் பணியாமல் பழைய கணினியில் லினக்ஸை நிறுவுவோர் இருக்கிறார்கள். அச்சத்தால் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். முதல் பழுதிலேயே கடைக்காரர் அந்த லினக்ஸை அழித்துவிட்டால், அவர்கள் திரும்ப வரமாட்டார்கள்.

கேரளத்தின் அனுபவம் நம் கண்முன் உள்ளது. 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், அதன் தொடர்ச்சியான ‘கைட்’ நிறுவனமும் அரசுப் பள்ளிகளுக்குக் கட்டற்ற இயங்குதளத்தைக் கொண்டுசென்றன. மென்பொருளை வழங்கியதோடு அங்கே வேலை நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் மாணவர்கள் கணினியைக் கையாளக் கற்கிறார்கள். லினக்ஸ் அங்கே வேர்பிடித்ததில் இப்பயிற்சியின் பங்கு பெரிது என்பதே என் எண்ணம்.

நம் கட்சி அலுவலகங்களில் ஒரு பென் டிரைவ் எப்போதும் இருக்கட்டும். ஆறு மாதத்திற்கொருமுறை அதில் புதிய லினக்ஸ் வெளியீட்டை ஏற்றிவைக்கட்டும். அதைப் பயன்படுத்தத் தெரிந்த தோழர்கள் குறைந்தது இருவராவது வேண்டும். ஒருவர் மாநாட்டுக்குப் போயிருக்கும் நாளில்தான் கணினி மறுக்கும்.