எழுத்துக்கு மார்க் கிடையாது!

"கேம் ஆடுறதுக்காகப் பாட்டை உட்கார்ந்து எழுதுறியா? போய் ரெக்கார்டு நோட்டை எழுதுடா!" — ஹாஸ்டலில் என்னிடம் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து நம் ஆண்டு மலரிலேயே சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். ரெக்கார்டு நோட்டு முடித்து, கையெழுத்தும் வாங்கியாயிற்று என்பதையும் இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்!

விளையாட்டு என்னவென்று தெரியாத நண்பர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. பாட்டு ஓடும். ஸ்கிரீனில் வரிகள் வரும். நாம் மைக்கில் பாட வேண்டும். நம் குரலின் சுருதி சரியா, நேரம் சரியா என்று கம்ப்யூட்டர் அளந்து மார்க் போடும். சோனி கம்பெனி 2004-ல் பிளேஸ்டேஷனுக்காக 'சிங்ஸ்டார்' என்ற பெயரில் இதை விற்றது. 2007-ல் வந்த 'ராக் பேண்ட்' என்ற விளையாட்டில் கிடார், டிரம்ஸோடு பாடுவதும் சேர்ந்துகொண்டது. சிங்ஸ்டாரின் ஆன்லைன் சேவையை 2020 ஜனவரியோடு மூடிவிட்டார்கள். ஆனால் அதைப் பார்த்து ஆர்வலர்கள் எழுதிய 'அல்ட்ராஸ்டார்' இன்றும் உயிரோடு இருக்கிறது. இலவசம். சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது. பழைய லேப்டாப் ஒன்றும் மைக் ஒன்றும் இருந்தால் போதும். நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்ற விளையாட்டு!

ஆனால் பாட்டு தானாக ஸ்கிரீனில் வந்து உட்கார்ந்துவிடுமா? யாரோ ஒருவர் காதால் கேட்டு, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரமும் சுருதியும் போட்டு எழுதினால்தான் வரும். அந்த 'யாரோ ஒருவர்' வேலையைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். அது வெட்டி வேலை இல்லை, நாம் வகுப்பில் படிக்கிற படிப்பேதான் என்பது என் கட்சி.

அல்ட்ராஸ்டாருக்கு எழுதுவது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். நோட்பேடிலேயே எழுதலாம். 'பாட்டு' என்ற சொல் அதில் இப்படி இருக்கும்:

: 40 6 4 பாட்
: 47 3 2 டு

முதல் எண், எப்போது ஆரம்பம் என்பது. இரண்டாவது, எவ்வளவு நீளம். மூன்றாவது சுருதி. கடைசியில் எழுத்து. வரி முடிந்தால் ஒரு கோடு. முக்கியமான இடத்தில் நட்சத்திரம் போட்டால் அதற்கு இரட்டை மார்க். அவ்வளவுதான் இலக்கணம்.

கேட்கச் சுலபம். செய்து பாருங்கள் தெரியும்! ஃபைலின் தலைப்பில் பாட்டின் வேகத்தை 300 என்று கொடுத்தால், புரோகிராம் அதை நாலால் பெருக்கி, நிமிஷத்துக்கு 1200 கட்டங்களாகப் பிரிக்கும். அதாவது ஒரு கட்டம் 0.05 செகண்டு. மூன்று நிமிஷப் பாட்டுக்கு 3600 கட்டங்கள். அந்த வேகத்தை அரை எண் தப்பாகக் கொடுத்தோம் என்று வையுங்கள். முதல் வரியில் எதுவும் தெரியாது. மூன்றாவது நிமிஷத்தில் 0.3 செகண்டு விலகி நிற்கும். ஆறு கட்டம்! பாடுகிறவர் சரியாகப் பாடியும் மார்க் போய்விடும். சிவில் நண்பர்களே, இது உங்கள் சர்வே புத்தகத்தில் வருகிற 'கூடிக்கொண்டே போகும் பிழை' அல்லவா? பாட்டு தொடங்கும் இடத்தைக் காட்டும் எண் தப்பானால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு தள்ளி நிற்கும். மெக்கானிக்கல் நண்பர்களே, இது வெர்னியரின் 'ஜீரோ எரர்'! எந்தப் பிழை எந்த வகை என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்தவன் வெட்டியாக இருக்கிறானா, பிராக்டிகல் செய்கிறானா? நீங்களே சொல்லுங்கள்.

சுருதியிலும் கணக்கு இருக்கிறது. பியானோவின் நடு 'சி' கட்டைக்கு எண் 0. அதிலிருந்து ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் ஒன்று ஏறும். 12 ஏறினால் மேல் ஸ்தாயி. ஆனால் விளையாட்டு ஸ்தாயியைப் பார்ப்பதில்லை. அதனால்தான் பெண் குரல் பாட்டை நாம் கீழே பாடினாலும் மார்க் விழுகிறது. நம் பாடகர்கள் ஒரே 'ஆ'வில் வளைந்து, குழைந்து, இறங்கி ஏறுவார்கள். அதைப் படிக்கட்டு மாதிரி வெட்டித்தான் எழுத முடியும். ஒரே எழுத்து அடுத்த படிக்கும் நீள்கிறது என்று காட்ட ஒரு நெளிகோடு போடுவோம். எத்தனை படி வைப்பது, எதை விடுவது? அங்கே சூத்திரம் கிடையாது. காதுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

இப்போது என் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டு நேரத்தைப் பார்க்கிறது. சுருதியைப் பார்க்கிறது. எழுத்தைப் பார்ப்பதே இல்லை! முழுப் பாட்டையும் "லாலாலா" என்று பாடினாலும் சுருதி சேர்ந்தால் முழு மார்க். அப்படியானால் எழுத்தை ஏன் ஒழுங்காக எழுத வேண்டும்? "எப்படிப் போட்டா என்னடா, மெஷினுக்கா தெரியப் போவுது?" என்று கேட்கிறார்கள். நண்பர்களே, மெஷின் பார்க்காத இடத்தில் ஒரு மனிதன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாடுகிறவன்! அவன் நம் எழுத்தை நம்பி வாயைத் திறக்கிறான்.

தமிழ்ப் பாட்டை எழுதுகிறவர்களில் பலர் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டுப் போகிறார்கள். அவசரத்துக்கு அது சுலபம்தான். ஆனால் அந்த எழுத்தில் ல, ள இரண்டுக்கும் ஒரே 'எல்'. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே 'என்'. ர, ற இரண்டுக்கும் ஒரே 'ஆர்'. கலையும் களையும் ஒன்றாகிவிடும். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். நெடிலுக்கு இரட்டை எழுத்துப் போடச் சோம்பல்பட்டால் பட்டும் பாட்டும்கூட ஒன்றுதான்! தெரிந்த பாட்டு என்றால் சமாளிக்கலாம். தெரியாத பாட்டு என்றால்?

அதைவிடப் பெரிய கேள்வி, யார் பாடலாம் என்பது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மா ஐந்தாவது வரை. எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். லீவில் ஊருக்கு லேப்டாப் கொண்டுபோயிருந்தபோது இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பாட்டைப் போட்டேன். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்த பாட்டுதான். ஆனாலும் ஸ்கிரீனைப் பார்த்ததும், "இது படிச்சவங்களுக்குப்பா, எனக்கு எதுக்கு?" என்று அடுப்படிக்கு எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் அதே பாட்டைத் தமிழில் எழுதிப் போட்டேன். துண்டு துண்டாக வந்த எழுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கென்றே செய்தது மாதிரி அமைந்துவிட்டது! கொஞ்சம் பிந்தினாலும் விடாமல் பாடி முடித்தார்கள். மார்க் குறைவுதான். அப்பா கை தட்டினார்.

எழுத்து ஒரு வாசல், நண்பர்களே. அதை இங்கிலீஷில் வைத்தால் நம் வீட்டுப் பெரியவர்களே வெளியில் நிற்க வேண்டி வரும்.

தமிழில் எழுதும்போது பள்ளியில் தூங்கிக்கொண்டே கேட்ட இலக்கணம் எல்லாம் எழுந்து வந்து உதவுகிறது! வல்லின மெய்யில் குரல் நின்றுவிடும். 'பாட்' என்பதில் 'ட்' விழுந்ததும் மைக்குக்குச் சுருதி கிடைக்காது. அதனால் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் முன்னாலேயே வெட்ட வேண்டும். 'அம்' என்பதில் 'ம்' மெல்லினம், மூக்கால் இழுக்கலாம், நீளமாக விடலாம். ஆனால் யாப்பிலக்கணத்தை அப்படியே கொண்டுவந்தாலும் ஆகாது. 'மழை' அங்கே ஒரே நிரையசை. இங்கே ம, ழை என்று இரண்டு கட்டம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற மாத்திரைக் கணக்கும் மெட்டின் முன்னால் நிற்காது. மெட்டு கேட்டால் குறிலும் நீண்டு கொடுக்கும்.

இன்னொன்று. பாட்டுப் புத்தகத்தில் இருப்பதை எழுதுவதா, பாடகர் வாயில் வருவதை எழுதுவதா? நான் வாய்ப் பக்கம்தான். புத்தகத்தில் 'நிலவு ஒன்று' என்று இருக்கலாம். பாடும்போது 'நிலவொன்று' ஆகிவிடும். ஐந்து துண்டு நாலாகிவிட்டது! புத்தகத்தைப் பார்த்து எழுதினால் ஒரு கட்டம் அந்தரத்தில் தொங்கும். கிராமத்துப் பேச்சில் வரும் பாட்டிலும் இதே கதை. 'வந்திருச்சு' என்று பாடியதை, 'கொச்சை' என்று நினைத்து 'வந்துவிட்டது' என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு துண்டை ஐந்தாக்கி மெட்டையும் கெடுத்து, பாடியவரின் ஊரையும் அழித்துவிடுகிறார்கள். நம் வீட்டில் பேசுகிற பேச்சு அச்சில் ஏறக் கூடாத பேச்சா என்ன?

"இதெல்லாம் இனிமே கம்ப்யூட்டரே செஞ்சிடும்" என்பார்கள். உண்மைதான், பாதி உண்மை. இசையிலிருந்து குரலைத் தனியாகப் பிரிக்கும் 'ஸ்ப்ளீட்டர்' 2019-ல் இலவசமாக வந்தது. பேச்சை எழுத்தாக்கும் 'விஸ்பர்' 2022-ல் வந்தது. நானும் பயன்படுத்துகிறேன். சுமை குறைகிறது. ஆனால் குரல் இழுபடும் இடத்தில், இரண்டு பேர் சேர்ந்து பாடும் இடத்தில், வட்டாரப் பேச்சு வரும் இடத்தில் அது தடுமாறும். தடுமாறியதை அதே தைரியத்தோடு எழுதியும் வைக்கும்! சரிபார்க்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்குத் தமிழும் தெரிய வேண்டும், தாளமும் தெரிய வேண்டும்.

உரிமைப் பிரச்னையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாட்டுக்கு எழுதியவர், இசையமைத்தவர், பதிவு செய்தவர் என்று மூன்று பக்கமும் உரிமை உண்டு. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமையை 2012-ல் சட்டத் திருத்தம் உறுதி செய்தது. நாம் கேட்டு எழுதினோம் என்பதற்காகப் பாட்டு நம்முடையது ஆகிவிடாது. அதனால் என் யோசனை இது: நம்முடையதிலிருந்தே தொடங்குவோம். பாரதியார் பாடல்கள் பொதுவுடைமை. அவற்றுக்கு நம் மாணவர்களே மெட்டுப் போடட்டும், நம் மாணவிகளே பாடட்டும், நம் எலக்ட்ரானிக்ஸ் லேபிலேயே பதிவு செய்வோம்.

அதற்கு அடுத்து, லீவுக்குப் போகும் ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் ஒரு தாலாட்டை, ஒரு நடவுப் பாட்டைப் பாடச் சொல்லி, சம்மதம் கேட்டுப் பதிவு செய்து வாருங்கள். பாட்டு நோட்டில் எழுதினால் சொல் மட்டும்தான் மிஞ்சும். இந்த ஃபைலில் சொல், சுருதி, நேரம் மூன்றும் மிஞ்சும். குழைவு முழுதாக வராது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் கூடவே ஒலிப்பதிவு இருக்கிறதே!

கம்ப்யூட்டர் துறை நண்பர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். யூனிகோடில் கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. ஸ்கிரீனில் முன்னால் வர வேண்டும். தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத புரோகிராமில் அது இடம் மாறி நிற்கும். அல்ட்ராஸ்டார் டீலக்ஸ் பாஸ்கல் மொழியில் எழுதியது, யாரும் திறந்து பார்க்கலாம். எந்த எந்த எழுத்து எப்படித் தெரிகிறது என்று சோதித்து, கோளாறு இருந்தால் சரிசெய்து கொடுத்தால், அதைவிட நல்ல பிராஜெக்ட் வேறு எது?

கடைசியாக ஒன்று. ஃபைலின் தலைப்பில், எழுதியவர் பெயர் போட ஒரு வரி உண்டு. பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்! டிராயிங் ஷீட்டில் வலது கீழ்மூலையில் வரைந்தவர் பெயர் போடாமல் கொடுத்தால் வாங்குவார்களா? பெயர் போடுவது பெருமைக்காக மட்டும் அல்ல. தப்பு இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காகவும்தான்.

செமஸ்டர் லீவு முடிந்து வரும் முதல் சனிக்கிழமை மாலை, யூனியன் அறையில் என் லேப்டாப்போடு இருப்பேன். இயர்போன் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் ஊரிலிருந்து ஒரு பாட்டு கொண்டு வாருங்கள், அது போதும்!

— மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை