எதுகையைக் கடைசியில் தேடும் காது

உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் அக்கா மகள் சென்ற மாதம் ஒரு பயிற்சித் தாளை என்னிடம் நீட்டினாள். பத்துச் சொல்லிணைகள், எதுகை உள்ளவற்றுக்கு அடிக்கோடு போட வேண்டும். பாதிக்கு மேல் தப்பு. இலக்கணம் தெரியாமல் இல்லை. ‘இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை’ என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பிறகு ஏன் எல்லாச் சொல்லிலும் கடைசியைப் பார்த்தே கோடு போட்டாய் என்று கேட்டேன். “ரைம் கடைசியிலதானே மாமா வரும்?” என்றாள்.

பாலர் பள்ளியிலிருந்தே ஆங்கிலப் பாட்டில் ஊறிய காது அது. ஆங்கிலப் பாட்டு அடியின் முடிவில் ஓசையைப் பொருத்தும். தமிழ்ச் செய்யுள் அடியின் தலையில் பொருத்தும். முடிவில் பொருந்துவதற்கும் நம்மிடம் இயைபு என்று பெயர் உண்டு. ஆனால் மரபுச் செய்யுளைத் தாங்கி நிற்பவை எதுகையும் மோனையும்தான். இப்படி ஆங்கிலத்தில் ஊறும் காதுகள் கூடிவருகின்றன. சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவோர் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கியது. ஒரு பிள்ளையின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. காதுக்குப் பழகாததைக் கண்ணால் எழுத்தெண்ணிக் கண்டுபிடி என்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளைத் தாண்டும்போது, தேக்காவுக்கு எதுகை சொல்லு என்றேன். “பக்கா” என்றாள். இரண்டாம் எழுத்தும் ஒன்று, கடைசி எழுத்தும் ஒன்று. ஆனாலும் எதுகை ஆகாது. ‘தே’ நெடில், ‘ப’ குறில். முதலெழுத்தின் அளவும் ஒத்துவர வேண்டும். அந்த விதியைச் சொல்லாமல், இரண்டு சொல்லையும் கைதட்டிச் சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை அவளே நிறுத்தினாள். “தேக்கா இழுக்குது, பக்கா வெட்டுது.” நாலு கடை தள்ளிப் போனதும், “காக்கா!” என்றாள். சரியான எதுகை.

நான் கேட்பது இந்த வரிசையைத்தான்: முதலில் ஓசை, அப்புறம் பெயர். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னது. நல்ல காரியம். அந்த வாசல் வழியாகவே மோனையும் இரட்டைக்கிளவியும் வரட்டும். அடிக்கோடு போடுவதற்குப் பாதி மதிப்பெண் போதும். தானே ஒன்றைச் சொல்லிக் காட்டுவதற்கு மீதிப் பாதி.

உவமைத்தொடரின் கதை வேறு. ‘பசுமரத்தாணி போல’ என்று கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பும் பிள்ளை, வீவக வீட்டுக் கான்கிரீட் சுவரைத்தான் பார்த்திருக்கிறது. பச்சை மரத்தில் ஆணி எவ்வளவு லேசாக இறங்கும், பிறகு எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று அதற்குத் தெரியாது. ‘நகமும் சதையும் போல’ என்றால் மட்டும் தன் விரலைப் பார்க்கிறது. தொல்காப்பியர் உவமைக்கு அடிப்படையாக வினை, பயன், வடிவம், நிறம் என்ற நான்கைச் சொன்னார். நான்கும் பிள்ளையிடம் கேட்கக்கூடிய கேள்விகள். எம்ஆர்டி கதவு என்ன செய்கிறது, எதற்கு உதவுகிறது, எந்த வடிவம், என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே உவமை சொல்லும். பழைய தொடர்களைக் கைவிட வேண்டாம். ஒரு பச்சை மரத்துண்டையும் ஆணியையும் சுத்தியலையும் வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஆகுபெயர் கற்பிக்கத் தேக்கா வட்டாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் எருமைக் கொட்டில். கொட்டிலின் பெயர் இடத்துக்காகி, இடத்தின் பெயர் மருத்துவமனைக்காகி, இன்று ‘கேகே’ என்று சுருங்கி நிற்கிறது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ‘நான் கேகேல பொறந்தேன்’ என்று சொல்லும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தை நம் பாட்டன்மார் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சுண்ணாம்புச் சூளைகள் போன பின்னும் வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அழைத்தார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரில் தமிழ்மொழி நிலையம் இருக்கும் பீட்டி ரோடும் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு வகுப்பை ஒரு காலை இந்த வழியாக நடத்திக் கூட்டிப்போக எவ்வளவு செலவாகும்?

நாங்கள் திரும்பும்போது மாலையாகிவிட்டது. நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. பேருந்து நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தேக்கா திணறுது மாமா” என்றாள். திணறுவது மக்கள், இடத்தின் பெயர் அவர்களுக்கு ஆகியிருக்கிறது. ‘தே’யும் ‘தி’யும் மோனை, இ, ஈ, எ, ஏ நான்கும் ஓரினம். நான் வாயைத் திறக்கவில்லை. பேருந்து வருவதற்குள் அவளே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள், முதலெழுத்தைக் கொஞ்சம் அழுத்தி.