பட அட்டையும் ஒரு பதிப்புதான்

செய்யுளில் ஓர் ஒற்று விடுபட்டால் நாம் சும்மா இருப்பதில்லை. உ.வே.சா. சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த நாள்தொட்டுத் தமிழ் படித்தவர்களுக்குப் பாடபேதம் ஒரு மானப் பிரச்சினை. ஆனால் ஓர் ஓவியம் நிறம் திரிந்து, விளிம்பு வெட்டுண்டு அஞ்சலட்டையாக வந்தால், ‘படம் நன்றாயிருக்கிறது’ என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுகிறோம். இந்த இரட்டை அளவுகோலைத்தான் கண்டிக்கிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுற்றுக்குள் பொதுமக்கள் சாதாரணமாக அனுமதிக்கப்படுவதில்லை. ஓவியங்களின் பாதுகாப்புக்கு அது சரியே. ஆனால் அதன் விளைவை யோசித்தோமா? வேடசந்தூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் திண்டுக்கல்லுக்குப் படிக்க வரும் மாணவர், தாடிக்கொம்புச் சிற்பத்தின் படம் பொய்யென்றால் பேருந்தேறிப் போய் மூலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தஞ்சை ஓவியத்துக்கு அந்த வழியில்லை. அவருக்கு அச்சில் வந்ததே ஓவியம்.

அச்சில் வருவது எப்படி இருக்கிறது? காவியும் மஞ்சளும் சுண்ண வெண்மையும் அடங்கி நிற்கும் சுவர், நாட்காட்டிப் படம்போல் பளபளக்கிறது. நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராததால் ஆடல்மகளின் கண்ணுக்கு இரண்டு இமைகள். சோழ ஓவியனின் திறமெல்லாம் கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடே புள்ளிகளாய்ச் சிதறிப்போகிறது. அட்டையின் பின்பக்கத்தில் காலமில்லை, அளவில்லை, இது முழு ஓவியமா துண்டா என்ற குறிப்புமில்லை.

‘பத்து ரூபாய் அட்டைக்கு இத்தனை ஆரவாரமா?’ என்பார்கள். மலிவுப் பதிப்பு என்பதற்காகத் திருக்குறளில் சீர்களை மாற்றி அச்சிட ஒப்புவோமா? வசதியில்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. சிவகாசி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. படமெடுக்கும்போது ஓவியத்தருகே ஒரு வண்ண அளவுப் பட்டை, அச்சேறுமுன் சோதனைத் தாளைச் சுவரோடு ஒப்பிட்டுத் திருத்த ஓவியமறிந்த ஒருவர், பின்பக்கத்தில் நான்கு வரி. சுருங்கச் சொன்னால், ஒரு பதிப்பாசிரியர் வேண்டும்.

தொல்லியல் துறையும் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் அவரை அமர்த்தட்டும். வாங்குகிற நாமும் அட்டையைத் திருப்பிப் பார்க்கப் பழகுவோம். எந்தச் சுவர், எந்தக் காலம், என்ன அளவு என்று அதில் இல்லையென்றால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம்.