செய்தித் தொழிலும் சொல்லறிவும்

இதழியல் இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் பாடமாகிவிட்டது. அதற்குப் பட்டமும் உண்டு. ஆயினும் பத்திரிகைக் காரியாலயத்தின் படியேறும் இளைஞரிடம் ஆசிரியர் முதலில் வினாவுவது, அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பதையே.

1841ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் உதயதாரகை வெளிவந்தபோது இதழியல் வகுப்பு எதுவும் இங்கு இருந்ததில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அதன் ஆசிரியராயினர். மொழியறிவை முதலாகக் கொண்டு சென்ற அவர்கட்கு எஞ்சியதைத் தொழிலே கற்பித்திருத்தல் வேண்டும்.

தமிழ் கற்பிக்கும் யான் இதழியல் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். சொல்லளவிற் பொருந்தும் என்பதே என் துணிபு. பொலிஸார் ஒருவரைக் கைது செய்கின்றனர். அந்நிலையில் அவர் சந்தேகநபர். வழக்குத் தொடரப்பட்டபின் குற்றஞ்சாட்டப்பட்டவர். நீதிமன்றம் குற்றம் நிரூபணமானதெனத் தீர்ப்பளித்த பின்னரே குற்றவாளி. முதல் நிலையில் நிற்பவருக்கு மூன்றாவது சொல்லைச் சூட்டித் தலைப்பு இடப்படுமாயின், ஒரு குடும்பமே ஊரில் தலைநிமிர இயலாது போகும். மறுநாள் ஒரு மூலையில் வெளியாகும் திருத்தம் அந்தக் கறையைப் போக்காது. பரீட்சைத் தாளிற் சொற்பிழை புள்ளியைக் குறைக்கும். பத்திரிகையில் அது ஒருவர் மானத்தைக் குறைக்கும்.

ஆதலின், மாணவர் கற்குங் காலத்திலேயே கைப்பழக்கம் தேடுதல் வேண்டும். அனுமதி பெற்றுப் பிரதேச சபைக் கூட்டமொன்றுக்குச் சென்று, நடந்ததை 300 சொல்லில் எழுதுக. பேசினோர் பெயரையும் பதவியையும் அவர்களிடமே கேட்டு உறுதிசெய்க. வரவு செலவுத் தொகைகளை மீண்டும் கூட்டிப் பார்க்க. எழுதியதைத் தோழர் ஒருவரிடம் ஒப்புநோக்கக் கொடுத்து, அவர் எழுதியதை நீவிர் ஒப்புநோக்குக.

மற்றொரு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பொது அதிகாரசபைகளிடமுள்ள தகவலைப் பிரசை எவரும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். மறுப்பின் மேன்முறையீடு உண்டு. இதற்குப் பத்திரிகையாளர் அடையாள அட்டை வேண்டுவதில்லை. ஊர் வீதி திருத்துதற்குச் செலவான பணம் எவ்வளவு என்று ஒரு விண்ணப்பம் எழுதிப் பார்க்க. எந்த ஆண்டு, எந்த வீதி, எந்தச் செலவு என வரையறுத்துக் கேட்கும் பயிற்சி, பின்னர் வரையறுத்துச் செய்தி எழுதவும் உதவும்.

தமிழாசிரியர்க்கும் இதிற் கடமையுண்டு. கட்டுரைப் பாடத்தில் நிலவையும் கடற்கரையையும் வருணிக்கச் செய்யும் நாம், மாதம் ஒருமுறையேனும் ஊரில் நிகழ்ந்த ஒன்றை நேரிற் கண்டு எழுதுவிப்போமாக. அன்று அணிநலத்துக்குப் புள்ளி வேண்டாம். பெயரும் நாளும் தொகையும் பிழையற நிற்கின்றனவா என்பதையே நோக்குவோம்.